ஈரல் மேல் என்ன கோபம்?

காமாலை என்று யாராவது சொன்னால், நம்மில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கீழாநெல்லி ஞாபகம் வரும். மிச்சமுள்ள ஒருவர் தமக்குத் தெரிந்த நாட்டு வைத்தியரின் விலாசத்தைச் சொல்லுவார். உப்பில்லாச் சாப்பாடு, நீர்மோர், வெயிலில் அலையக் கூடாது என்ற பத்தியமெல்லாம் நம் வீடுகளில் மனப்பாடம். மூன்று நான்கு வாரத்தில் கண் வெளுக்கிறது; பசி எடுக்கிறது; வைத்தியருக்குத் தட்டில் பழம் வைத்துத் தட்சிணையும் கொடுத்து விடுகிறோம். குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருகிற காமாலை, அசுத்தமான தண்ணீர் மூலமும் ஆகாரம் மூலமும் தொற்றுகிற ஒரு வைரஸினால் வருவது. அநேகமாக அது அழைக்காமலே வந்து, விரட்டாமலே போகிற விருந்தாளி. புகழ் மட்டும் கீழாநெல்லிக்கு! போகட்டும், அந்தச் செடியோடு நமக்கு வழக்கு ஒன்றுமில்லை.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது, போக மறுக்கிற காமாலையைப் பற்றி.

பத்து வயதுப் பெண் ஒருத்தி. கமலா என்று பெயர் வைத்துக் கொள்வோமே. காமாலை வந்தது, இறங்கியது. ஆனால் குழந்தை பழைய குழந்தையாக இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாயைத் தேடுகிறாள். முட்டி வலிக்கிறது என்கிறாள். சாதத்தைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே வைத்து விடுகிறாள். இரண்டு மாதம் கழித்துக் கண்ணில் மறுபடியும் மஞ்சள். ரத்தத்தைச் சோதித்தால் வைரஸ் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் ஈரலின் செல்கள் செத்துக் கொண்டிருக்கின்றன என்பதைக் காட்டும் என்ஸைம்கள் பல மடங்கு ஏறியிருக்கின்றன. நோயை எதிர்த்துப் போராட வேண்டிய ரத்தப் புரதமும் அளவுக்கு மிஞ்சி நிற்கிறது. ஊசியால் ஈரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஈரல் செல்களை அரித்துக் கொண்டிருக்கின்றன. டாக்டர் ஒரு நீளமான பெயரைச் சொல்லுகிறார்: ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸ். நம் பாஷையில் சொன்னால், வீட்டுக் காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக்காரனை அடிக்கிற கதை.

கமலாவுக்காவது கண் மஞ்சளாயிற்று. சில குழந்தைகளுக்கு அதுவும் இல்லாமல், வெறும் சோர்வும் தலைவலியுமாக மாதக்கணக்கில் ஓடி விடும். ஒருநாள் ரத்த வாந்தி எடுத்த பிறகுதான், ஈரல் ஏற்கனவே சுருங்கிக் கெட்டிப்பட்டுப் போயிருப்பது தெரிய வரும்.

டாக்டரிடமிருந்து வீடு திரும்பியதும் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. “எங்க பக்கத்திலே நாலு தலைமுறையா யாருக்கும் ஈரல் கோளாறு கிடையாதும்மா” என்று பாட்டி மருமகளைப் பார்த்துச் சொல்லுவாள். மருமகள் வாய் திறக்க மாட்டாள். ராத்திரி அடுப்படியில் அழுவாள். “பெரியவளாகிற வயசு, உடம்புச் சூடு. அதுதான் ஈரலைப் பிடிச்சிருக்கு” என்று அத்தை ஒரு காரணம் கண்டுபிடிப்பாள். ஆக, குற்றவாளிக் கூண்டில் இரண்டு பேர்: ஒன்று பரம்பரை, இன்னொன்று பருவம். விஞ்ஞானிகளும் எழுபது வருஷத்துக்கு மேலாக இதே இரண்டு பேரைத்தான் விசாரித்து வருகிறார்கள் என்பது வேடிக்கை. ஜீன் என்றும் ஹார்மோன் என்றும் பெயர் மட்டும் வேறு. ஆனால் அவர்கள் விசாரணையின் முடிவு, பாட்டியின் முடிவு அல்ல. அத்தையின் முடிவும் அல்ல.

1950-ல் ஸ்வீடன் தேசத்து டாக்டர் யான் வால்டன்ஸ்ட்ரோம் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி முதன்முதலாக எடுத்துரைத்தார். அநேகம் பேர் இளம் பெண்கள். காமாலை விட்டு விட்டு வரும். ரத்தத்தில் புரதம் ஏறியிருக்கும். மாதவிலக்கு நின்று போயிருக்கும். அமெரிக்காவில் ஹென்றி குங்கெல் என்பவரும் அவருடைய சகாக்களும் இதே மாதிரிப் பெண்களைப் பார்த்தார்கள். முகப்பரு, உருண்ட முகம், வேண்டாத இடத்தில் ரோமம் என்று இன்னும் சில அடையாளங்களையும் குறித்து வைத்தார்கள். இதையெல்லாம் பார்த்தால் ஹார்மோன் தாறுமாறுதான் மூலகாரணம் என்று யாருக்கும் தோன்றும். உண்மை தலைகீழ். ஹார்மோன்களைப் பக்குவப்படுத்திக் கழிவுகளை வெளியேற்றுகிற வேலையில் பெரும் பங்கு ஈரலுடையது. ஈரல் கெட்டால் அந்தக் கணக்கும் கெடுகிறது. நாள்பட்ட நோயில் மாதவிலக்கும் நிற்கிறது. மாதவிலக்கு நின்றதால் ஈரல் கெடவில்லை. நம் வீடுகளில் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, மாதவிலக்குக்கு மட்டும் மருந்து கொடுத்துக் கொண்டு ஈரலைக் கவனிக்காமல் விடுவது உண்டு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்லுகிறேன்.

சரி, காவல்காரன் ஏன் வீட்டுக்காரனை அடிக்கிறான்? ‘உடம்பு தன்னையே தாக்கிக் கொள்ளாது, அதற்கு அந்த விஷயத்தில் ஒரு பயம் உண்டு’ என்று ஜெர்மானிய மேதை பால் எர்லிக் சொல்லி விட்டுப் போனார். பெரியவர் சொன்னதால் பல காலம் யாரும் மறு பேச்சுப் பேசவில்லை. 1956-ல் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்து வால்ட்டர் அண்டு எலைஸா ஹால் ஆராய்ச்சிக் கழகத்தில் இயன் மக்காய் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும், இந்த ஈரல் நோயாளிகள் சிலருடைய ரத்தத்தில் லூப்பஸ் என்கிற வேறொரு வியாதியின் அடையாளத்தைக் கண்டார்கள். லூப்பஸ், சரீரம் தன்னைத் தானே தாக்குவதால் வருவது. அப்படியானால் இதுவும் அந்த ஜாதிதானோ? இன்று நாம் சொல்லுகிற பெயரை 1965-ல் வைத்தவர் அதே மக்காய்தான். அந்தக் கழகத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் மக்ஃபார்லேன் பர்னெட். தன்னுடையது எது, அந்நியம் எது என்பதை உடம்பு பிறவியில் அறிந்ததில்லை, பிறகு கற்றுக் கொள்கிறது என்ற ஆராய்ச்சிக்காக, அவரும் இங்கிலாந்தின் பீட்டர் மெடவாரும் 1960-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கற்றுக் கொள்கிறது என்றேன். பள்ளிக்கூடம் எங்கே? மார்பெலும்புக்குப் பின்னால், தைமஸ் என்ற சிறு சுரப்பியில். சிலவகை வெள்ளை அணுக்கள் இங்கேதான் படித்து வெளியே வருகின்றன. ஈரலின் மாதிரி, கணையத்தின் மாதிரி, தைராய்டின் மாதிரி என்று ஒவ்வொன்றாக அவற்றின் முன் நீட்டப்படுகிறது. சொந்த உறுப்பைக் கண்டு பாய்கிற மாணவனுக்கு அங்கேயே தீர்ப்பு, வெளியே விடுவதில்லை. நம் பரீட்சைகளைவிடக் கண்டிப்பான பரீட்சை! இந்த மாதிரிகளைக் காட்டச் செய்கிற ஜீன் ஒன்று 21-வது குரோமோசோமில் இருக்கிறது. 1997-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். அது பழுதாய்ப் பிறந்த குழந்தைகளுக்குப் பல சுரப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கப்படுகின்றன. சிலருக்கு ஈரலும் சேருகிறது. பின்லாந்திலும் சார்டீனியத் தீவிலும் இந்தப் பழுது சற்று அதிகம். ஆனால் இப்படி ஒரே ஜீனால் வருவது மிக அபூர்வம்.

கமலாவைப் போன்ற குழந்தைகளின் சங்கதி வேறு. அவர்களிடம் பழுதான ஜீன் என்று ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியாது. 6-வது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்று ஒரு ஜீன் கூட்டம் இருக்கிறது. ஒவ்வொரு செல்லும் தன்னிடம் உள்ள புரதத் துணுக்குகளை ஒரு தட்டில் வைத்து வெள்ளை அணுக்களுக்குக் காட்டுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்தத் தட்டுகளைச் செய்வது இந்த ஜீன்கள். தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். இந்த வகைத் தட்டுக்கும் இந்த வியாதிக்கும் உறவு உண்டு என்று 1972-லேயே மக்காய் மற்றொருவருடன் சேர்ந்து காட்டினார். ஐரோப்பியக் குழந்தைகளில் டி.ஆர். 3 என்ற வடிவம் உடையவர்களிடம் வியாதி அதிகம். ஜப்பானில் டி.ஆர். 4. அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் குழந்தைகளுக்கு வேறொன்று, டி.ஆர். 13 வகையைச் சேர்ந்தது. இதில் ஒரு சுவாரசியம்: சாதாரணத் தண்ணீர்க் காமாலை நாலு வாரத்தில் போகாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்த அர்ஜென்டினாக் குழந்தைகளிடமும் இதே டி.ஆர். 13 வடிவம்தான் மிகுதியாக இருந்தது! வைரஸ் ஈரலில் நீண்ட நாள் தங்கி அதன் உள் சரக்கையெல்லாம் கொட்டிக் காட்ட, இந்த வடிவத் தட்டில் அது எடுப்பாகத் தெரிய, வெள்ளை அணுக்களுக்கு ஈரல் மேல் கோபம் மூண்டிருக்கலாம் என்பது ஓர் ஊகம்.

ஒன்றை மறந்து விடக் கூடாது. டி.ஆர். 3 உள்ள மனிதர்களில் ஆகப் பெரும்பாலோர் ஆயுசு முழுவதும் ஈரலை நினைக்காமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். அதே வடிவம் வேறு யாருக்கோ தைராய்டையோ கணையத்தையோ தொந்தரவு செய்கிறது. லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் இருபது வருஷங்களில் பார்த்த 52 குழந்தைகளைப் பற்றி 1997-ல் எழுதினார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேருடைய குடும்பத்தில் யாருக்காவது இப்படித் தன்னைத் தாக்கும் வியாதி ஏதோ ஒன்று இருந்தது. ஆகவே டாக்டர் உங்களிடம் “வீட்டில் யாருக்காவது தைராய்டு, வெண்புள்ளி, சின்ன வயதிலேயே சர்க்கரை உண்டா?” என்று கேட்டால், வம்பு விசாரிக்கிறார் என்று எண்ண வேண்டாம். ‘இல்லை’ என்று சம்பந்திகள் முன்னால் கௌரவம் பார்த்து மறைக்கவும் வேண்டாம். அம்மா வழியும் அப்பா வழியும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துச் சேர்ந்த கூட்டுச் சொத்து இது. மருமகள் மட்டும் அழுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா என்று கேட்பீர்கள். இந்த வியாதிக்கு அது நேரான காரணம் அல்ல. ஆனால் இதைப் போலவே வேஷம் போட்டு வருகிற ஒன்று உண்டு: ஈரலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய். அது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்து சேர்ந்தால்தான் வரும். உறவுக்குள் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். அதற்கு மருந்தே வேறு. அந்தச் சோதனையைச் செய்து, அது இல்லை என்று தெரிந்து கொள்ளாமல் குழந்தையின் ஈரல் வியாதிக்குப் பெயர் வைக்கக் கூடாது.

இப்போது இரண்டாவது குற்றவாளியிடம் வருவோம்.

இந்த வியாதி வரும் குழந்தைகளில் நாலில் மூன்று பங்கு பெண் குழந்தைகள். இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் பத்து வயதை ஒட்டியும் பருவம் வருகிற சமயத்திலும் தலைகாட்டுகிறது. இரண்டாவது வகை இன்னும் சிறு வயதில், ஏழு வயதை ஒட்டி வருகிறது, கைக்குழந்தைகளைக்கூட விடுவதில்லை. அந்தச் சிறு வயதிலும் பெண்கள்தான் அதிகம்! ஏழு வயதுப் பெண்ணுக்கு எந்தப் பருவச் சூடு? ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இன்னும் ஊற ஆரம்பிக்காத வயது அது. அத்தையின் வழக்கு இங்கே தள்ளுபடியாகிறது.

அப்படியானால் பெண் என்பதில் வேறு என்ன இருக்கிறது? இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்கிறது. ஆணுக்கு ஒன்றுதான். தெருவில் கறுப்பும் செம்பழுப்புமாகத் திட்டுத் திட்டாக ஒரு பூனையைப் பார்த்திருப்பீர்கள். அது ஏறக்குறைய எப்போதும் பெண் பூனையாகவே இருக்கும். ஒரு திட்டில் தாய் கொடுத்த எக்ஸ் விழித்திருக்கிறது, அடுத்த திட்டில் தகப்பன் கொடுத்தது. ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று உறங்கி விடுகிறது என்று 1961-ல் சொன்னவர் மேரி லயன் என்ற ஆங்கிலப் பெண்மணி. ஆனால் உறங்குகிற குரோமோசோமிலும் சில ஜீன்கள் அரைத் தூக்கத்தில் முணுமுணுக்கின்றன. அவற்றில் நோய் எதிர்ப்புக்கானவையும் உண்டு. ஓர் எக்ஸ் கூடுதலாகப் பிறந்த ஆண்களுக்கு மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக லூப்பஸ் வருவதும் இந்தப் பக்கமே கை காட்டுகிறது. 2024-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இன்னொன்று கண்டார்கள். எக்ஸை உறங்க வைக்கிற சரக்கை ஆண் எலிகளின் உடம்பில் தயாராகும்படி செய்து, லூப்பஸைத் தூண்டினார்கள். அந்த ஆண்கள் பெண் எலிகளைப் போலவே நோயில் விழுந்தன.

மாண்ட்ரியல் நகரத்து ஸான்ட் ஜஸ்டின் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஃபெர்னாண்டோ அல்வாரெஸ் குழுவினர் எலிகளுக்கு இந்த ஈரல் வியாதியையே வரவழைத்துப் பார்த்தார்கள். இளம் பெண் எலிகள் எளிதில் அகப்பட்டுக் கொண்டன. ஆண் எலிகள் தப்பின. ஆண்களைக் காப்பாற்றியது, சண்டைக்குக் கிளம்பும் வெள்ளை அணுக்களை அடக்கி உட்கார வைக்கிற ஒருவகைச் செல்களின் பலம் என்று 2010-ல் வெளியிட்டார்கள். காவல்காரர்களுக்கு மேல் ஒரு மேஸ்திரி என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்த மேஸ்திரிச் செல்களை 1995-ல் ஜப்பானின் ஷிமோன் ஸககுச்சியும், அவற்றை ஆளும் ஜீனை 2001-ல் அமெரிக்காவில் மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் கண்டுபிடித்தார்கள். 2025-ம் வருஷ வைத்திய நோபல் பரிசு இந்த மூவருக்கும். அந்த ஜீன் இருக்குமிடம் எது தெரியுமா? எக்ஸ் குரோமோசோம். அது அடியோடு பழுதானால் ஆண் குழந்தைகள்தாம் அவதிப்படுகிறார்கள். மாற்று எக்ஸ் அவர்களிடம் இல்லையே! இயற்கை ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக் கொள்கிறது.

ஹார்மோனுக்குப் பங்கே இல்லையா? உண்டு. பிள்ளைத்தாய்ச்சியின் உடம்பில் பெண் ஹார்மோன்கள் ஏராளமாகப் பெருகுகின்றன. இந்த வியாதி உள்ள பெண்கள் பலருக்கு அந்த மாதங்களில் ஈரல் அமைதியாக இருக்கிறது. பிரசவமாகி ஹார்மோன் சட்டென்று இறங்கிய பிறகு மறுபடி கிளம்புகிறது. குறைந்த அளவில் உசுப்பி விடுகிற அதே சரக்கு, மிகுந்த அளவில் அடக்கியும் வைக்கிறது என்று நினைக்கிறார்கள். கர்ப்பத்தில் மூட்டு வாதம் தணிவதை அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் ஃபிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டரும் கவனித்தார். அதற்கு முன்பே, 1929-ல், காமாலை வந்த ஒரு வாத நோயாளிக்கு வலி பறந்து போனதையும் அவர் பார்த்திருந்தார். உடம்பே ஏதோ மருந்து சுரக்கிறது என்று பிடிவாதமாகத் தேடினார். 1948-ல் அவர் கைக்குக் கிடைத்தது, சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியின் ஹார்மோனான கார்டிஸோன். அவருக்கும் சகாக்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது 1950-ல், வால்டன்ஸ்ட்ரோம் நம் வியாதியை வர்ணித்த அதே வருஷம். கார்டிஸோனின் தம்பியான பிரெட்னிஸலோன் இன்றும் கமலாவுக்குக் கொடுக்கப்படுகிற முதல் மருந்து. காமாலைக்காரர் ஒருவரிடம் கிடைத்த துப்பு, கடைசியில் காமாலைக்கே மருந்தாயிற்று!

பிரெட்னிஸலோனோடு அஸதயோப்ரின் என்ற மாத்திரையையும் சேர்ப்பார்கள். அநேகக் குழந்தைகள், ஐந்தில் நாலு பேருக்குமேல், இதற்குக் கட்டுப்படுகிறார்கள். 1971-ல் லண்டனில் ஷீலா ஷெர்லாக் என்ற பெண் டாக்டரும் சகாக்களும், இந்த வைத்தியத்தால் சாவு குறைவதைச் சோதித்துக் காட்டினார்கள். அதற்கு முன் கடுமையாகப் பீடிக்கப்பட்ட பலர் சில வருஷங்களுக்குமேல் தாங்கவில்லை.

மருந்து இருக்கிறது, அதை விழுங்க வேண்டியவள் பதின்மூன்று வயதுப் பெண். இங்கேதான் பருவம் நிஜமாகவே குறுக்கே வருகிறது. பிரெட்னிஸலோன் முகத்தைப் பூரி மாதிரி உப்ப வைக்கும்; பரு கிளப்பும்; எடை ஏற்றும். கண்ணாடியை ஓயாமல் பார்க்கிற வயசு. வகுப்பில் யாரோ ஒரு பட்டப் பெயர் வைத்து விடுகிறார்கள். அவள் வாயில் போட்ட மாத்திரை ஜன்னல் வழியாகத் துளசி மாடத்துக்குப் போகிறது. அம்மாவுக்கோ, ‘ரத்தம் சரியாகத்தானே இருக்கிறது, பெரியவளாகி விட்டாள், இனி எதற்கு மருந்து?’ என்று சபலம். மருந்தை நிறுத்தினால் வியாதி திரும்புவது இந்தப் பருவ சமயத்தில்தான் அதிகம். பூப்பெய்துவதற்குச் சற்று முன்னும், அந்த வருஷங்களிலும் மருந்தை நிறுத்திப் பார்க்கக் கூடாது என்று குழந்தை ஈரல் நிபுணர்கள் சொல்லுவது இதனால்தான். இரண்டு மூன்று வருஷமாவது ரத்தம் சுத்தமாக இருந்து, ஈரல் துணுக்கிலும் அழற்சி இல்லை என்று பார்த்த பிறகே அந்தப் பேச்சு. அப்போதும் முதல் வகைக் குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்குத்தான் நிறுத்த முடிந்தது என்பது லண்டன் அனுபவம். இரண்டாவது வகைக்கு அநேகமாக ஆயுசு முழுக்க மருந்து. முகம் உப்பியதைப் பற்றிக் குழந்தை அழுதால், “அழகெல்லாம் என்னடி பிரமாதம்” என்று அடக்காதீர்கள். அவளையே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். நோய் அடங்க அடங்க பிரெட்னிஸலோன் அளவைக் குறைப்பார். முகமும் பழையபடி வரும்.

பையன்களும் இருக்கிறார்கள், நாலில் ஒருவர். ‘இது பெண்கள் வியாதி’ என்று நினைத்து அவர்கள் காமாலையை யாரும் இந்தக் கோணத்தில் பார்க்காமல் விட்டு விடுவது அவர்களுக்கு வருகிற தனி ஆபத்து.

கமலாவுக்குக் கல்யாணம் ஆகுமா, குழந்தை பிறக்குமா என்ற கேள்வி, பாட்டி வாயில் வராவிட்டாலும் மனசில் இருக்கும். நோய் அடங்கியிருக்கும் பெண்கள் எத்தனையோ பேர் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். அஸதயோப்ரினைக் கர்ப்ப காலத்திலும் டாக்டர் பார்வையில் தொடருவதுண்டு. ஆனால் சிலருக்கு அதற்குப் பதிலாகக் கொடுக்கப்படும் மைக்கோஃபினலேட் என்ற மருந்து கருவுக்குக் கெடுதல். கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே அதை மாற்றியாக வேண்டும். இதைக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் கேட்டு வைத்துக் கொள்ளலாம். பிரசவமான பிறகு ஆறு மாதம் வரை அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் குழந்தை யார் ஜாடை என்று விசாரித்துக் கொண்டிருப்பார்கள்; தாயின் ரத்தப் பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கும் பொறுப்பைப் பாட்டியிடமே ஒப்படைத்து விடலாம்.